நுரையீரல் மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூச்சுத் தொந்தரவுக்காக முதல் முறை நிபுணரிடம் போகிறவர்களும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. மருத்துவர் முன்னால் உட்காரும் அந்தக் கொஞ்ச நேரம் வீணாகக் கூடாது. மூச்சு விஷயத்தில் ஸ்கேனுக்கு முன்னால் விடை தருவது நோயாளி சொல்லும் விவரம்தான். அதை எப்படித் திரட்டுவது, எப்படிச் சொல்வது என்பதையும் இதில் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

சாதாரண இருமலுக்கெல்லாம் நிபுணரிடம் போக வேண்டுமா?

வேண்டாம். சளிக் காய்ச்சலோடு வரும் இருமல் பெரும்பாலும் 3 வாரத்துக்குள் அடங்கிவிடும். காய்ச்சல் போன பிறகும் இருமல் மட்டும் கொஞ்ச நாள் இழுப்பது சகஜம். ஆனால் 2 வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் குடும்ப மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காசநோய் அதிகமுள்ள இடங்களில் அந்தக் கட்டத்திலேயே சளியைப் பரிசோதித்துவிடுவார்கள். 8 வாரத்தையும் தாண்டினால் அது நாள்பட்ட இருமல். அப்போது இருமல் மருந்தை மாற்றி மாற்றிக் குடிப்பதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் இருமல் விடாதவர்களுக்கு மூக்கிலிருந்து தொண்டைக்குள் சளி இறங்குவது, ஆஸ்துமா, இரைப்பை அமிலம் மேலே ஏறுவது ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருப்பது மிகவும் வழக்கம். இன்னொன்றும் உண்டு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருப்பவர்கள் முதலில் தங்கள் மாத்திரை அட்டையைப் பார்ப்பது நல்லது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, சாயங்காலம் மட்டும் வரும் காய்ச்சல், இரவில் உடை நனைகிற அளவு வியர்வை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா: இவற்றில் எது இருந்தாலும் நாள் கணக்குப் பார்க்காமல் போங்கள். வீசிங்குக்காக ஓராண்டில் இரண்டு முறைக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட வேண்டி வந்தவர்களும் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும்.

வயசானால் மூச்சு வாங்கத்தானே செய்யும்?

இந்த ஒரு நினைப்பால்தான் பலர் வருஷக்கணக்கில் தாமதமாக வருகிறார்கள். வயதோடு நுரையீரலின் திறன் மெல்லக் குறைவது உண்மைதான். ஆனால் சமதரையில் தன் வயதுக்காரர்களோடு பேசிக்கொண்டே நடக்க முடியாமல் பின்தங்குவது வயதின் கணக்கில் வராது.

மூச்சு குறையும்போது ஆட்கள் வேலையையும் குறைத்துக்கொள்வார்கள், அதுவும் தங்களுக்கே தெரியாமல். முதலில் மாடிக்குப் போவதைத் தள்ளிப்போடுவார்கள். அப்புறம் கடைக்குப் பிள்ளைகளை அனுப்புவார்கள். பிறகு குளித்துவிட்டு வந்து கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகே சட்டை போடுவார்கள். இந்த நிலையில் இருப்பவரிடம் மூச்சு வாங்குதா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வார். பொய் இல்லை. மூச்சு வாங்கும் எதையும் அவர் செய்வதே இல்லை. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். போன வருஷம் செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள்? இதற்கு வரும் பதிலை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சுத் திணறலை 0 முதல் 4 வரை தரம் பிரிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலும் இதே மாதிரிக் கேள்விகளால் ஆனதுதான். வேகமாக நடக்கும்போது மட்டும் என்றால் 1. உடை மாற்றவே மூச்சு வாங்குகிறது என்றால் 4.

எனக்கு நுரையீரலில் கோளாறா, இதயத்திலா? யாரிடம் போவது?

நீங்களே முடிவு செய்ய வேண்டியதில்லை. மூச்சுத் திணறலுக்கு ரத்தசோகை, தைராய்டு, உடல் எடை, மனப்பதற்றம் என்று வேறு காரணங்களும் உண்டு. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால் சரியாவது, கால் வீக்கம் இரண்டும் சேர்ந்திருந்தால் இதயத்தைச் சந்தேகிப்பார்கள். விடியற்காலையில் இருமலும் வீசிங்கும் எழுப்பிவிட்டால் ஆஸ்துமாவை நினைப்பார்கள். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. யாரிடம் முதலில் போனாலும் ஈசிஜி, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை மூன்றும் முதலில் வரும். அதன் பிறகு வழி தெரிந்துவிடும்.

எப்போது அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்?

ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாதபோது. உதடு நீலம் பூக்கும்போது. ஆள் குழம்பும்போது, அல்லது தூக்கக் கலக்கமாக இருக்கும்போது. நிவாரண இன்ஹேலர் எடுத்தும் கேட்காதபோது. திடீரென்று ஒரு பக்க நெஞ்சுவலியோடு மூச்சு அடைத்தாலும் போக வேண்டும். அது நுரையீரல் உறையில் காற்று புகுந்ததாக இருக்கலாம், அல்லது காலின் ரத்தக்குழாயில் உருவான ரத்தக்கட்டி நுரையீரலில் வந்து அடைத்ததாக இருக்கலாம். சமீபத்தில் அறுவை சிகிச்சை, நீண்ட பயணம், படுத்த படுக்கை, ஒரு கால் மட்டும் வீங்குவது என்று ஏதாவது இருந்தால் அங்கே போனதும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். இருமும்போது சளியில் ஒரு கோடு போல ரத்தம் வந்தால் அடுத்த நாள் மருத்துவரைப் பார்க்கலாம். ரத்தமே கொட்டினால் உடனே.

கடுமையான வீசிங்கில் இருந்தவருக்குச் சத்தம் திடீரென்று நின்று, ஆள் மட்டும் சோர்ந்துபோனால் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

பழைய எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எல்லாம். அறிக்கைத் தாளோடு படமும் வேண்டும். 5 வருஷத்துக்கு முந்திய எக்ஸ்ரேவில் அதே தழும்பு இருந்தால், இன்றைக்குப் பெரிய பயமாகத் தெரிவது ஆறிப்போன பழைய காயம் என்று ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய படம் இல்லாத காரணத்தாலேயே புதிய சோதனைகள் வரிசையாகத் தொடங்குவது உண்டு.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், வேறு நோய்க்குச் சாப்பிடுவது உட்பட. இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன், மூட்டு வாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்ஸேட், சிறுநீர்த் தொற்றுக்கு நெடுநாள் தரும் நைட்ரோஃபியூரன்டாயின் ஆகியவை அபூர்வமாக நுரையீரலைப் பாதிக்கும். இன்ஹேலரையும் மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள். பெயர் சொல்ல அல்ல, மருத்துவர் முன்னால் உறிஞ்சிக் காட்ட.

ஒரு தாளில் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, எந்த மாதத்தில் கூடுகிறது, இரவிலா பகலிலா, எதைச் செய்தால் வருகிறது. முடிந்தால் இருமலும் வீசிங்கும் வரும் நேரத்தில் செல்போனில் 1 நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்குப் போகிற நாளில் மட்டும் மூச்சு நன்றாக இருப்பது இந்த நோய்களின் வாடிக்கை.

நுரையீரல் மருத்துவர் ஏன் புறா, மெத்தை, பழைய வேலை என்றெல்லாம் கேட்கிறார்?

காரணம் அங்கேதான் இருக்கும் என்பதால். புறா, கிளி வளர்ப்பவர்களுக்கு அவற்றின் எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதத்தால் நுரையீரலில் அழற்சி வந்து, கவனிக்காமல் விட்டால் அது தழும்பாக இறுகிவிடும். இறகு அடைத்த தலையணையும் மெத்தையும் இதே வேலையைச் செய்யலாம். கல் உடைப்பு, மணல் பீய்ச்சுதல், சுரங்கம் ஆகிய வேலைகளில் சிலிக்கா தூசி. வேலையிடத்து ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் நோய் வெளியே தெரிய 20 முதல் 40 வருஷம் கூட ஆகும். அதனால் அந்த வேலையை எப்போதோ விட்டாச்சே என்று சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். பள்ளி முடித்ததிலிருந்து பார்த்த வேலைகளை வரிசையாகச் சொல்லுங்கள். விறகடுப்புப் புகையில் பல வருஷம் சமைத்ததையும் சொல்லுங்கள். சிகரெட்டே தொடாத பெண்களுக்குச் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு வர அதுவும் ஒரு பெரிய காரணம்.

புகைப்பழக்கத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். திட்டு வாங்குவோமோ என்று பாதியாகச் சொன்னால் கணக்கும் பாதியாகிவிடும். ஒரு நாளைக்கு 20 சிகரெட் வீதம் ஒரு வருஷம் பிடித்தால் அது ஒரு பேக்-வருஷம். 10 சிகரெட் வீதம் 30 வருஷம் என்றால் 15. எந்தச் சோதனை தேவை என்பதை முடிவு செய்ய அந்த எண் வேண்டும்.

எக்ஸ்ரே நார்மல். அப்புறம் ஏன் ஊதும் சோதனை?

எக்ஸ்ரே நுரையீரலின் உருவத்தைக் காட்டும். காற்று எவ்வளவு வேகமாகப் போய் வருகிறது என்பது அதில் தெரியாது. ஆஸ்துமாவிலும் ஆரம்பநிலை சிஓபிடியிலும் படம் சுத்தமாகவே இருக்கலாம். அதற்குத்தான் ஸ்பைரோமெட்ரி. ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1846-இல் வெளியிட்ட கருவியின் வாரிசு இது. இன்றும் இதற்கு மாற்று வரவில்லை.

ஸ்பைரோமெட்ரி எப்படி இருக்கும்? வலிக்குமா?

வலிக்காது. ஆனால் உழைக்க வேண்டும். நேராக உட்காரவைத்து மூக்கில் கிளிப் போடுவார்கள். வாயில் ஒரு குழாய். உதட்டால் அதை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் காற்று கசிந்தாலும் கணக்கு கெட்டுவிடும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தயங்காமல் ஒரே வெடிப்பாக ஊதிவிட்டு, காற்று தீர்ந்துவிட்டது போலத் தோன்றிய பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று சத்தம் போடுவார். கோபம் இல்லை. திரையில் கோடு சமதளமாகும்வரை, அதாவது சுமார் 6 விநாடிக்கு மேல், உங்களைக் கொண்டுபோவது அவர் வேலை. பெரும்பாலானோர் 3-ஆவது விநாடியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

குறைந்தது 3 நல்ல ஊதல்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். நடுவில் தலை லேசாகச் சுற்றலாம், இருமல் வரலாம். சொன்னால் நிறுத்தி ஓய்வு கொடுப்பார்கள். பிறகு மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் நிவாரண மருந்தான சால்பியூட்டமால் பஃப் கொடுத்து, 15 நிமிடம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியேறிய காற்று மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்பதே முக்கியமான எண். மருந்துக்குப் பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால், அறிகுறிகளும் பொருந்தினால், சிஓபிடி. மருந்துக்குப் பிறகு நன்றாக ஏறினால் ஆஸ்துமா பக்கம் சாயும்.

நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் ஆஸ்துமாக்காரருக்கும் முடிவு நார்மலாக வரும். உடனே ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியைக் கொடுத்து, 2 வாரம் காலையும் மாலையும் ஊதி எழுதிவரச் சொல்வார்கள். அந்த ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

சமீபத்தில் மாரடைப்பு, கண் அறுவை, வயிற்று அறுவை நடந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோதனையைத் தள்ளிவைப்பார்கள்.

சோதனைக்கு முன் இன்ஹேலரை நிறுத்த வேண்டுமா?

மருந்தைப் பொறுத்தது. சிலவற்றைச் சில மணி நேரம், நீண்டநேரம் வேலை செய்பவற்றை ஒரு நாள் வரை நிறுத்தச் சொல்வார்கள். தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் மூச்சுத் திணறினால் தயங்காமல் எடுத்துக்கொண்டு, எடுத்ததைப் போய்ச் சொன்னால் போதும்.

சளிப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். ஏன்?

எச்சிலைக் கொடுத்திருப்பீர்கள். காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள். கெட்டியாக வர வேண்டும். காற்றோட்டமான இடத்தில், ஆட்கள் இல்லாத பக்கம் நின்று எடுங்கள்.

பிராங்கோஸ்கோப்பி என்றால் பயமாக இருக்கிறது.

மெல்லிய வளையும் குழாயை மூக்கு அல்லது வாய் வழியாக விட்டு மூச்சுக்குழாய்களை உள்ளே போய்ப் பார்ப்பது. 1960-களில் ஜப்பானின் ஷிகெட்டோ இகெடா வளையும் குழாயைக் கொண்டுவரும்வரை விறைப்பான உலோகக் குழாய்தான் இருந்தது. அந்தக் காலக் கதைகளின் பயம்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது தொண்டையை மரத்துப்போக ஸ்ப்ரே அடிப்பார்கள், பெரும்பாலும் தூக்கம் வர ஊசியும் போடுவார்கள். மூச்சு விட இடம் இருக்கும். இருமல் வரும், அது போகப்போகக் குறையும். முன்னதாகப் பல மணி நேரம் வெறும் வயிறு. முடிந்த பிறகு தொண்டை மரப்பு விலகும்வரை தண்ணீர்கூடக் கூடாது, புரையேறும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். திரும்பும்போது கூட ஓர் ஆள் வேண்டும்.

சிடியில் சின்னதாக ஒரு கட்டி என்று எழுதியிருக்கிறது. புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. பழைய தொற்றின் தழும்பு, நிணநீர்க் கணு என்று பலவும் அப்படித் தெரியும். 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்து, புகைப்பழக்கம் போன்ற அபாயங்களும் இல்லை என்றால் தொடர்ந்து படம் எடுக்கக்கூடத் தேவைப்படாது. பெரிதாக இருந்தால் சில மாத இடைவெளியில் மறுபடி எடுத்து, வளர்கிறதா என்று பார்ப்பார்கள். காத்திருக்கச் சொல்வது அலட்சியம் இல்லை. வளர்கிற வேகமே அது என்ன என்பதைச் சொல்லும். சொன்ன தேதியில் போய் எடுத்துவிடுங்கள்.

இன்ஹேலர் எடுக்கத் தொடங்கினால் பழகிப்போய், விடவே முடியாது என்கிறார்களே?

தவறு. இந்தப் பேச்சை நம்பி மாத்திரையும் சிரப்புமாகக் காலம் தள்ளுபவர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. இன்ஹேலரில் போதை எதுவும் இல்லை. தொடர்ந்து எடுக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் நோய் நாள்பட்டது என்பதுதான்.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டும் பயம். அளவைப் பாருங்கள். வீசிங் முற்றும்போது தரும் மாத்திரை 30, 40 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப் பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம், அதாவது 1 மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ. அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. இன்ஹேலரை ஒழுங்காக எடுக்காமல் வருஷத்துக்கு மூன்று முறை மாத்திரைக்குப் போகிறவர் உடம்புக்குத்தான் அதிக ஸ்டீராய்டு போகிறது. பஃப் எடுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் குரல் கம்முவதும் பெரும்பாலும் வராது.

நிவாரண இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்துமாவை ஓட்டுவது ஆபத்து. இழுப்பு உடனே அடங்கும், உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். பெரியவர்களுக்கும் வளர்பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகத் தருவதைச் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜினா 2019-இலேயே கைவிட்டுவிட்டது. உங்கள் சீட்டில் அது ஒன்று மட்டும் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒழுங்காக எடுத்தும் இன்ஹேலர் கேட்கவே இல்லை.

எடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தும் வகை என்றால்: குலுக்குங்கள், மூச்சை முழுதாக வெளியே விடுங்கள், வாயில் வைத்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கியதும் அழுத்தி, இழுப்பதைத் தொடருங்கள். பிறகு 10 விநாடி அடக்குங்கள். இன்னொரு பஃப் என்றால் அரை நிமிடமாவது கழித்து. வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் அடித்து அங்கேயே நின்றுவிடும். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராதவர்கள் இன்ஹேலர் முனையில் ஸ்பேசர் என்ற வெற்றுக் குழலை மாட்டிக்கொள்ளலாம். பெரியவர்களுக்கும் அது நல்லதே, குழந்தைகளுக்கு மட்டுமானது இல்லை.

பொடி வகைக்கு நேர்மாறு. குலுக்கக் கூடாது, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதிவிடக் கூடாது. ஊதினால் வாயின் ஈரத்தில் பொடி கட்டியாகும். கேப்ஸ்யூல் போடும் கருவி என்றால் இழுத்த பிறகு திறந்து பாருங்கள். பொடி மிச்சமிருந்தால் மறுபடி இழுக்க வேண்டும். இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் முறையை மாற்றிச் செய்துவிடுவது ரொம்பவும் சாதாரணம். அதற்குத்தான் கருவியைக் கையில் எடுத்துப் போகச் சொன்னேன்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது. அப்படியானால் பயமில்லையா?

ஆக்சிஜன் மட்டும் சரி. ஆஸ்துமாவில் ஆள் போராடிக்கொண்டிருக்கும்போதும் எண் நன்றாகவே காட்டலாம். குளிர்ந்த விரல், நகப்பூச்சு இரண்டும் அளவைக் கெடுக்கும். கறுப்புத் தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் காட்டலாம். வழக்கமாக 95-க்கு மேல் இருப்பவருக்கு 92-க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவரிடம் போங்கள். முற்றிய சிஓபிடி உள்ள சிலருக்கு மட்டும் 88 முதல் 92 வரை போதும் என்று மருத்துவரே சொல்லியிருப்பார். அவர்களுக்கு எண்ணைப் பார்த்துப் பயந்து ஆக்சிஜனைக் கூட்டிவிடக் கூடாது, கரியமில வாயு தேங்கிவிடும்.

40 வருஷம் சிகரெட் பிடித்தாயிற்று. இனி விட்டு என்ன பிரயோஜனம்?

போன திறன் முழுதாகத் திரும்பாது. ஆனால் இறங்கும் வேகம் குறையும், எந்த வயதில் விட்டாலும். சிஓபிடிக்கு எந்த இன்ஹேலரும் இந்த அளவு செய்வதில்லை. மன உறுதி மட்டும் போதாதவர்களுக்கு நிகோடின் பேட்ச், வெரனிக்ளின், புப்ரோபியோன் என்று மருந்துகள் இருக்கின்றன. கேட்டு வாங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூச்சு வாங்குகிறவர் நடக்கலாமா?

நடக்க வேண்டும். ஓய்விலேயே இருந்தால் தசைகள் இளைத்து, அதே வேலைக்கு இன்னும் அதிக மூச்சு தேவைப்படும். 6 முதல் 8 வாரம் மேற்பார்வையில் பயிற்சி தரும் நுரையீரல் மறுவாழ்வுத் திட்டம் உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

விமானத்தில் போகலாமா?

பெரும்பாலானோர் போகலாம். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போல ஆகலாம் என்பதால் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவாக உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நுரையீரல் உறையில் காற்று புகுந்து சிகிச்சை பெற்றவர்கள், முழுதாக ஆறியதை எக்ஸ்ரேவில் பார்த்து அவர் சரி என்ற பிறகே ஏறலாம். ஆக்சிஜன் தேவைப்படும் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள், மருத்துவர் கடிதம் கேட்பார்கள். இன்ஹேலரைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.